பித்தும் தடுப்பாற்றலும்: மனச்சிதைவு நோய் குறித்த ஓர் அறிமுக ஆய்வு

முன்னுரை

உடலுக்கு நோய் வந்தால் ஊருக்குச் சொல்கிறோம். உள்ளத்துக்கு நோய் வந்தால் கதவைச் சாத்திக் கொள்கிறோம். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு அண்டை வீட்டார் சுக்குக் கஷாயம் வைத்துக் கொண்டுவருவர். அதே பிள்ளை தனியே பேசத் தொடங்கினாலோ, அண்டை வீட்டாருக்குத் தெரியாமல் மறைப்பதே பெற்றோரின் முதற்கவலை ஆகிவிடுகிறது. கொங்கு நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று இது, தமிழகமெங்கும் உள்ளதே. எனினும், நூற்பாலையும் பட்டறையும் பின்னலாடைத் தொழிலும் செழித்த நம் பகுதியில், உழைக்கத் தக்க வயதில் ஒரு மகன் மூலையில் முடங்கிவிட்டால் அவனைச் ‘சோம்பேறி’ என்று சொல்லிவிடுதல் எளிதாக இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் வகுப்பில் ஒரு மாணவர் பயின்றார். பெயரும் ஊரும் வேண்டா. யாப்பிலக்கண வகுப்பில் வெண்பாவை அலகிட்டு வாய்பாடு கூறுவதில் அவரை விஞ்சுவார் இலர். இரண்டாம் ஆண்டில் அவர் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குச் சென்றார். பின்னர், கரும்பலகையில் எழுதப்படுவன யாவும் தம்மைப் பற்றியனவே என்றார். நாம் அதனைச் செருக்கு என்று எண்ணினோம். வருகைக் குறைவு என்று பதிவேட்டில் குறித்தோம். நெசவுத் தொழில் செய்த அவர்தம் பெற்றோர் மந்திரிப்பவரிடமும் வழிபாட்டுத் தலங்களுக்குமாக அலைந்தனர். மருத்துவரிடம் அவர் வந்து சேர்வதற்குள் ஒன்றரை ஆண்டுகள் கழிந்துவிட்டன. இன்று அவர் மருந்து உட்கொண்டு, ஒரு கடையில் கணக்கெழுதி, நலமாக வாழ்கிறார். ஆயினும், அந்த ஒன்றரை ஆண்டை அவருக்கு எவராலும் திருப்பித் தர இயலாது. அவ்விழப்பில் நமக்கும் பங்குண்டு என்னும் உணர்வே இக்கட்டுரைக்குக் காரணம்.

மனச்சிதைவு நோய்க்கும் உடலின் தடுப்பாற்றலுக்கும் தொடர்புண்டு என்று அண்மைக் கால ஆய்வுகள் கூறுகின்றன. அத்தொடர்பு யாது? எந்த அளவு மெய்ப்பிக்கப்பட்டுள்ளது? அதனை அறிவதால் நம் வீட்டுக்கும் கல்லூரிக்கும் விளையும் பயன் என்ன? இம்மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் கூறும் செய்தி

தமிழ் பயில்வோர் எதனையும் சொல்லிலிருந்து தொடங்குதல் முறை. ‘பித்து’, ‘பித்தன்’, ‘பைத்தியம்’ ஆகிய சொற்கள் யாவும் ‘பித்தம்’ என்பதனோடு உறவுடையன. பித்தம் என்பது வாதம், பித்தம், கபம் என்னும் முக்குற்றங்களுள் ஒன்று, உடலில் இருப்பது. சித்த மருத்துவ நூல்கள் மனநோயைக் ‘கிரிகை’ என்றும், ஆயுர்வேத நூல்கள் ‘உன்மாதம்’ என்றும் குறித்து, அவற்றுக்கு மருந்தும் கூறின. ஆகவே, உள்ளத்தின் தடுமாற்றத்துக்கு உடலிலும் காரணம் உண்டு என்னும் எண்ணம் நம் மொழியிலேயே பதிந்து கிடக்கிறது. பேய் பிடித்தது, செய்வினை வைத்தார்கள் என்னும் வழக்குகளும் உடன் இருந்தன. எனினும், அவை மட்டுமே நம் மரபு என்று கொள்வது பிழை.

இலக்கியத்தில் ‘பித்து’ உயர்ந்த பொருளும் பெற்றது. சுந்தரர் இறைவனையே பித்தன் என்று விளித்தார். தமிழ் இஸ்லாமிய இலக்கியத்தின் ஒளிவிளக்காகிய குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பெயரிலுள்ள ‘மஸ்தான்’ என்பது இறைக்காதலில் தன்னை மறந்தவர் என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லாகும். அருளாளர்தம் பித்து வேறு. நோயாளி படும் பாடு வேறு. முன்னது தேடிப் பெற்ற பேறு; பின்னது தேடாது வந்த துன்பம். இவ்விரண்டையும் ஒன்றாக மயங்கி, ‘இவன் மகானாகப் போகிறான், மருந்து வேண்டா’ என்று விட்டுவிடுதல் நோயுற்றவருக்குச் செய்யும் தீங்கேயாகும்.

நோயின் இயல்பு

செர்மானிய மருத்துவர் எமில் கிரேப்லின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயை ‘இளமையில் வரும் மதிமயக்கம்’ என்னும் பொருளுடைய பெயரால் வகைப்படுத்தினார். சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1908இல் இதற்கு ‘ஸ்கிசோஃப்ரீனியா’ என்று பெயரிட்டார். பிளவுபட்ட மனம் என்பது அதன் நேர்ப்பொருள். எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவை ஒன்றோடொன்று இணையாமற் போதலையே அவர் குறித்தார். திரைப்படங்களில் காட்டுவதுபோல் ஒருவருக்குள் இருவர் வாழ்வதை அன்று. தமிழில் ‘மனச்சிதைவு நோய்’ என்கிறோம்.

இல்லாத குரல் கேட்டல், தம்மைப் பிறர் கண்காணிப்பதாகவோ கெடுக்கச் சூழ்வதாகவோ அசையாது நம்புதல், பேச்சுத் தொடர்பறுதல் ஆகியன ஒருவகை அறிகுறிகள். ஆர்வம் குன்றல், முகத்தில் உணர்ச்சி மங்கல், குளித்தல் உண்ணல் முதலியவற்றிலும் நாட்டமின்மை ஆகியன மற்றொருவகை. கவனமும் நினைவாற்றலும் தளர்தல் மூன்றாம் வகை. உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு என உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் இது வெளிப்படுகிறது. அதாவது, ஒரு பிள்ளை கல்லூரி வாயிலை மிதிக்கும் பருவமே இந்நோய் தலைகாட்டும் பருவமாகவும் உள்ளது.

பரம்பரைக்கு இதில் பெரும்பங்கு உண்டு. எனினும், ஒரு கரு இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்புப் பாதியளவே; அதனினும் குறைவாகவே பல ஆய்வுகள் காட்டுகின்றன. மரபணு முழுதும் ஒன்றாயிருந்தும் ஒருவர் தப்பிவிடுகிறார் எனின், மரபணுவுக்குப் புறத்தேயும் காரணங்கள் இருத்தல் வேண்டும். அக்காரணங்களைத் தேடிச் சென்றோர் கண்ட வழிகளுள் ஒன்றே தடுப்பாற்றல்.

உடலின் காவற்படை

நம் குருதியிலுள்ள வெள்ளணுக்கள், அவை உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள், அவை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படும் ‘சைட்டோகைன்’ என்னும் புரதங்கள், கிருமியை அடையாளமிட்டு அழிக்க உதவும் ‘காம்ப்ளிமெண்ட்’ என்னும் புரதத் தொகுதி ஆகியன சேர்ந்ததே தடுப்பாற்றல். ஊர்க்காவலுக்கு ஒப்பிடலாம். அயலானை அறிதல், குரல் கொடுத்தல், கூடித் தாக்குதல், பின் அடங்குதல் என்னும் நான்கும் அதன் தொழில்கள். அடங்கத் தெரியாத காவல் ஊருக்கே கேடு.

மூளையைக் குருதியிலிருந்து பிரிக்கும் ஒரு தடுப்பு உண்டு. அதனால் மூளை இக்காவலுக்கு அப்பாற்பட்ட தனிநாடு என்று நெடுங்காலம் கருதினர். ஆனால், மூளைக்கென்றே தனிக்காவல் அணுக்கள் உள்ளன. ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்த்தேகா 1919இல் அவற்றை இனம் பிரித்து ‘மைக்ரோகிளியா’ என்று பெயரிட்டார். இறந்த அணுக்களை அகற்றுவதோடு, நரம்பணுக்களுக்கிடையேயுள்ள தேவையற்ற இணைப்புகளைக் கத்தரிப்பதும் அவற்றின் பணி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தோட்டக்காரர் செடியின் மிகைக் கிளைகளைக் கழிப்பது போன்றது அது. பதின்பருவத்தில் இப்பணி விரைவாக நிகழ்கிறது.

கிருமி கற்பித்த பாடம்

கோவை நகரில் ‘பிளேக் மாரியம்மன்’ என்னும் பெயரால் இன்றும் கோயில்கள் உள்ளன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நகரைச் சூறையாடிய கொள்ளைநோயின் நினைவுச் சின்னங்கள் அவை. தெய்வச் சீற்றம் என்று மக்கள் அஞ்சிய அந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1894இல் ஹாங்காங்கில் எர்சின் கண்டார். எலியிலிருந்து மனிதருக்கு அதனைக் கொண்டு சேர்ப்பது தெள்ளுப்பூச்சி என்பதனை 1898இல் இந்தியாவில் பணியாற்றிய சீமோன் காட்டினார். காரணம் தெரிந்தபின் கோவை மக்கள் கோயிலையும் கைவிடவில்லை, தடுப்பூசியையும் மறுக்கவில்லை. இவ்விரண்டும் ஒருங்கே இருக்கலாம் என்பதற்கு நம் ஊரே சான்று.

மனநோயிலும் இவ்வாறு ஒரு திருப்பம் நிகழ்ந்ததுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மனநோய் மருத்துவமனைகளில், ‘பொதுவாதம்’ என்னும் ஒருவகைப் பித்தால் துன்புற்றோர் பலர். ஒழுக்கக் கேட்டின் தண்டனை என்றும், மனத்தளர்ச்சி என்றும் அது கருதப்பட்டது. 1913இல் நொகுச்சி, மூர் ஆகிய இருவரும் அந்நோயாளரின் மூளையில் மேகநோய்க் கிருமியைக் கண்டறிந்தனர். வியன்னா மருத்துவர் வாக்னர் யாவ்ரெக் 1917இல் மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே உண்டாக்கி, அக்காய்ச்சலால் பொதுவாதத்தைத் தணிக்க முயன்றார். 1927இல் நோபல் பரிசும் பெற்றார். இடர்மிக்க அம்முறையைப் பென்சிலின் பின்னர் வழக்கொழியச் செய்தது. மனச்சிதைவு நோய்க்கு அவ்வாறு ஒற்றைக் கிருமி எதுவும் காணப்படவில்லை. எனினும், உள்ளம் தடுமாறும்போது உடலையும் ஆராய்க என்னும் பாடம் நிலைத்தது.

கருவிலிருந்து தொடங்கும் கதை

1988இல் மெட்னிக் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். 1957ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சாக் கொள்ளைநோயின்போது கருவில் நடு மாதங்களில் இருந்தோர், வளர்ந்தபின் மனச்சிதைவு நோய்க்கு ஆளாதல் மிகுதி என்று கண்டனர். பின்வந்த ஆய்வுகளுள் சில இதனை ஏற்றன, சில ஏற்கவில்லை. விலங்காய்வுகள் ஒரு விளக்கம் தந்தன. கருவுற்ற எலியின் உடலில் கிருமியே புகாதபோதும், தடுப்பாற்றலைத் தூண்டும் பொருளைச் செலுத்தினாலே குட்டிகளின் நடத்தையில் மாறுதல் தோன்றியது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ‘இண்டர்லூக்கின்-6’ என்னும் ஒரே சைட்டோகைனைத் தாய்க்குச் செலுத்தியதே போதுமானதாயிற்று. கருவின் மூளையைத் தொடுவது கிருமி மட்டுமன்று. கிருமிக்கு எதிராகத் தாயின் உடல் எழுப்பும் போர்முழக்கமும் தொடலாம் என்பது இதனால் பெறப்படும் கருத்து.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. காய்ச்சல் கண்ட தாயரின் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் எக்குறையுமின்றியே வளர்கின்றனர். ‘நீ அன்று காய்ச்சலோடு வேலைக்குப் போனதால்தான் பிள்ளைக்கு இப்படி’ என்று எந்தத் தாயையும் குற்றம் சாட்ட இவ்வாய்வு இடந்தராது.

டென்மார்க் நாட்டின் மக்கட் பதிவேடுகளை ஆராய்ந்து பென்ரோஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட முடிவு குறிப்பிடத்தக்கது. தன்னுடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் உடையோருக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு 29 விழுக்காடும், கடும் தொற்றுநோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோருக்கு 60 விழுக்காடும் கூடுதலாக இருந்தது. இக்கணக்கைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. 300 பேரில் ஒருவர் என்பது 60 விழுக்காடு கூடினாலும், 300 பேரில் இருவராகக்கூட ஆவதில்லை.

இங்கிலாந்தில் பிறப்பு முதல் பின்தொடரப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்த கந்தேக்கர் குழுவினர் 2014இல் மற்றொரு செய்தியைக் கூறினர். ஒன்பதாம் வயதில் குருதியில் இண்டர்லூக்கின்-6 மிகுந்திருந்தோருக்கு, அது குறைந்திருந்தோரைவிடப் பதினெட்டாம் வயதில் மனப்பிறழ்வு அனுபவங்கள் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. நோய் வெளிப்படுமுன்னரே உடலில் ஒரு கனல் இருந்திருக்கலாம் என்பது குறிப்பு.

கத்தரிக்கும் புரதம்

பதின்பருவத்தில் நரம்பிணைப்புகள் மிகையாகக் கழிக்கப்படுவதே மனச்சிதைவுக்கு வழிவகுக்கலாம் என்று அமெரிக்க அறிஞர் ஃபைன்பர்க் 1982இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அப்போது அதற்குச் சான்று குறைவு. பல்லாயிரவரின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுகள், இந்நோயோடு வலுவாகத் தொடர்புடைய பகுதி ஆறாம் குரோமோசோமில், தடுப்பாற்றல் மரபணுக்கள் செறிந்த இடத்தில் இருப்பதைக் காட்டின. 2016இல் செக்கர், மெக்கரோல், ஸ்டீவன்ஸ் முதலியோர் ஏறத்தாழ 65,000 பேரின் மரபணுச் செய்திகளை ஆராய்ந்து, அப்பகுதியின் வலுவுக்கு ஒரு காரணம் ‘சி4’ என்னும் காம்ப்ளிமெண்ட் மரபணு என்று அறிந்தனர். சி4ஏ வகை மூளையில் மிகுதியாக உண்டாகும் மரபணு அமைப்பு உடையோருக்கு நோய் வாய்ப்புக் கூடுகிறது. எலிகளில் நரம்பிணைப்புகளைக் கழிக்கும் பணியில் சி4 ஈடுபடுவதையும் அவர்கள் கண்டனர்.

கிருமியின்மேல் ‘இதனை அழி’ என்று முத்திரை குத்தும் புரதம், மூளையில் நரம்பிணைப்பின்மேல் முத்திரை குத்துகிறது. மைக்ரோகிளியா அதனை விழுங்குகிறது. முத்திரை அளவோடு விழுந்தால் மூளை செம்மையுறும். மிகையாக விழுந்தால் வேண்டிய இணைப்பும் போகும். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, கூடுதலும் குறைதலும் ஆகிய இரண்டுமே நோய்க்குக் காரணம் என்னும் கருத்தோடு தொடங்குவது ஈண்டு நினைக்கத் தக்கது. வள்ளுவர் கூறியது முக்குற்றங்களைப் பற்றி. ஆயினும், அளவே நலம் என்னும் அடிப்படை இங்கும் பொருந்துகிறது.

தன்னையே தாக்கும் படை

2007இல் தால்மாவ் என்னும் ஸ்பெயின் நாட்டு நரம்பியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 12 பெண்களின் நோயை விவரித்தனர். மனக்குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு முதலியன அவர்களிடம் காணப்பட்டன. மூளையிலுள்ள ‘என்.எம்.டி.ஏ.’ என்னும் ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்பொருள் அவர்கள் உடலில் இருந்தது. அவர்களுள் பெரும்பாலோருக்குச் சூற்பையில் கட்டி இருந்தது. அக்கட்டியை எதிர்க்க எழுந்த படை, வழிதவறி மூளையைத் தாக்கியது. கட்டியை நீக்கித் தடுப்பாற்றலைத் தணித்தபோது பலர் தேறினர்.

இது மனச்சிதைவு நோய் அன்று, மூளையழற்சியின் ஒருவகை. எனினும், தொடக்கத்தில் மனநோய் போன்றே தோன்றுவதால், இத்தகையோர் மனநலப் பிரிவில் சேர்க்கப்படுவதுண்டு. இந்தியாவிலும் இந்நோய் கண்டறியப்பட்டு வருகிறது. சில நாள்களிலேயே திடீரெனக் குழப்பம் தோன்றி, உடன் காய்ச்சலோ வலிப்போ கைகால் விறைப்போ வாய் கோணுதலோ இருந்தால், அது பேயும் அன்று, வெறும் மனநோயும் அன்று. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நிலை. இவ்வொரு செய்தியைக் குடும்பங்கள் அறிந்திருந்தாலே சில உயிர்கள் பிழைக்கும்.

எண்ணிப் பார்க்க வேண்டிய மறுபக்கம்

ஒரு கொள்கையின் வலுவை மட்டும் கூறி, குறையை மறைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. முதலாவதாக, 2022இல் வெளியான மிகப் பெரிய மரபணு ஆய்வு, நோயோடு தொடர்புடைய மரபணுக்கள் பெரிதும் நரம்பணுக்களிலேயே செயற்படுவதைக் காட்டியது. தடுப்பாற்றலுக்குப் பங்கிருக்கலாம், ஆனால், நோய் முழுதும் அதுவே அன்று. இரண்டாவதாக, குருதியில் அழற்சிக் குறிகள் மிகுவதற்குப் புகைபிடித்தல், உடற்பருமன், மன அழுத்தம், உட்கொள்ளும் மருந்து ஆகியனவும் காரணமாகலாம். எல்லா நோயாளரிடமும் அக்குறிகள் மிகுவதில்லை. மூன்றாவதாக, மருந்தாய்வு முடிவுகள் கலவையாகவே உள்ளன. அழற்சியைத் தணிக்கும் ‘மினோசைக்ளின்’ தொடக்க ஆய்வுகளில் நம்பிக்கை ஊட்டியது. 2018இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் அது பயன் தரவில்லை.

ஆகவே, இரத்தச் சோதனையால் மனச்சிதைவைக் கண்டறியும் முறை இன்றும் இல்லை. ‘எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கி மனநோயை வேரறுப்போம்’ என்று விளம்பரம் செய்வோரை நம்புதல் கூடாது. பெருகிய தடுப்பாற்றலே சிலருக்குக் கேடு செய்கிறது என்பதன்றோ மேற்கண்ட ஆய்வுகளின் சாரம்! இன்று பயன் தருவன, 1952 முதல் வளர்ந்துவந்த மனப்பிறழ்வு நீக்கும் மருந்துகளும், குடும்பத்தின் ஆதரவும், தொழிற்பயிற்சியுமே. பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோய்க்குக் ‘குளோசாபின்’ சிறந்தது. அது சிலருக்கு வெள்ளணுக்களைக் குறைத்துவிடும். 1975இல் ஃபின்லாந்தில் அதனால் எண்மர் இறந்ததால் பல நாடுகளில் நிறுத்தப்பட்டு, பின்னர் முறையான குருதிச் சோதனையோடு மீண்டும் வழக்கத்துக்கு வந்தது. அம்மருந்து உண்பவர் குருதிச் சோதனையைத் தவறவிடக் கூடாது; காய்ச்சலோ தொண்டைப் புண்ணோ வந்தால் உடனே மருத்துவரிடம் கூற வேண்டும்.

தமிழகத்தின் பணி

சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக விளங்கியவரும், இந்தியாவின் முதற்பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவருமாகிய மருத்துவர் சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சென்னையில் நிறுவினார். ‘ஸ்கார்ஃப்’ என்று அது அறியப்படுகிறது. 1992இல் பத்ம பூஷண் விருது பெற்ற அவ்வம்மையார் 2021 திசம்பரில் மறைந்தார். மருத்துவர் தாரா முதலியோர் சென்னையில் முதன்முறை நோயுற்ற 90 பேரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். பத்தாண்டு முடிவில் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தனர் என்பது அவ்வாய்வு தந்த நம்பிக்கை. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பறிவியல் நிறுவனத்தில் வெங்கடசுப்பிரமணியன், தேவ்நாத் முதலிய அறிஞர்கள் இந்திய நோயாளரின் தடுப்பாற்றலை ஆராய்ந்து வருகின்றனர். கோவையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு.

இருந்தும், 2015-16ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, கடும் மனப்பிறழ்வு நோயாளருள் ஏறத்தாழ நால்வரில் மூவர் மருத்துவம் பெறவில்லை என்று கூறியது. அவர்கள் எங்கே செல்கின்றனர்? கொங்கு நாட்டுக் குடும்பங்கள் குணசீலத்துக்கும் சோற்றானிக்கரைக்கும் ஏர்வாடிக்கும் செல்வதை நாம் அறிவோம். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியலில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டனர். பிரார்த்தனை அவர்களைக் கொல்லவில்லை; சங்கிலியும் புறக்கணிப்பும் கொன்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியால் பிணித்தலைத் தடை செய்துள்ளது.

ஈண்டு ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவுகூர்தல் தகும். இடைக்கால இஸ்லாமிய நகரங்களில் ‘பீமாரிஸ்தான்’ என்னும் மருத்துவமனைகள் அறக்கொடையால் நடைபெற்றன. 1154இல் டமாஸ்கஸில் எழுந்த நூரி மருத்துவமனையும், 1284இல் கெய்ரோவில் எழுந்த மன்சூரி மருத்துவமனையும் புகழ் மிக்கவை. அங்கு மனநோயாளருக்கும் இடமும் மருந்தும் தரப்பட்டன. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி எழுதிய அர்ராஸி, பக்தாதில் மருத்துவமனைத் தலைவராக இருந்தவர். வேண்டுதலும் மருந்தும் பகையல்ல என்பதனை அம்மரபு காட்டுகிறது. ஏர்வாடியிலும் பிற்காலத்தில் தர்காவுக்கு அருகிலேயே மனநல மருத்துவம் தரும் ‘மருந்தும் துஆவும்’ என்னும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது அம்மரபின் தொடர்ச்சி எனலாம்.

செய்யத் தக்கன

மாணவர்களுக்கு: உடன் பயிலும் தோழர் திடீரென ஒதுங்கினாலோ, உறக்கம் கெட்டாலோ, எல்லாரும் தம்மையே பேசுவதாகக் கூறினாலோ, நகைக்காதீர். வாதிட்டு வெல்லவும் முயலாதீர். அவர் நம்பும் ஆசிரியரிடம் கூறுங்கள். கஞ்சா இந்நோயின் வாய்ப்பைக் கூட்டும் என்பது பல ஆய்வுகளால் வலுப்பெற்ற செய்தி. ‘ஒருமுறைதானே’ என்னும் அழைப்பை மறுத்துவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு: வருகைப் பதிவேட்டில் குறைவு காணும்போது காரணத்தையும் வினவுவோம். நன்கு பயின்றவர் ஓராண்டில் சரிந்தால், அது ஒழுக்கக் கேள்வியாகும் முன் மருத்துவக் கேள்வியாகட்டும்.

பெற்றோருக்கும் ஊர்ப் பெரியோருக்கும்: ‘கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்’ என்று நோயை மறைத்து மணம் முடித்தல் இரு குடும்பங்களை அழிக்கும். ஜமாஅத்திலும் ஊர்க் கூட்டத்திலும் இந்நோயைச் சர்க்கரை நோயைப் போல் இயல்பாகப் பேசத் தொடங்குங்கள். தலங்களுக்குச் செல்வோரைத் தடுக்க வேண்டுவதில்லை. மருந்துச் சீட்டும் உடன் செல்லட்டும். தேறிவிட்டார் என்று மருந்தைத் தாமே நிறுத்துதல் நோய் திரும்புவதற்குத் தலையாய காரணம். கருவுற்ற மகளிர்க்கு உரிய தடுப்பூசியும் நல்லுணவும் ஓய்வும் கிடைக்கச் செய்தல் தாய்க்கும் சேய்க்கும் எவ்வகையிலும் நலமே. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், மனச்சிதைவு நோயில் தடுப்பாற்றலுக்கு ஒரு பங்குண்டு என்பதற்கு மரபணு, தொற்று, தன்னெதிர்ப்பு ஆகிய மூவழிச் சான்றுகள் உள்ளன. எனினும், அதுவே முழுக்காரணம் என்பது நிறுவப்படவில்லை. அதன் அடிப்படையில் அமைந்த உறுதியான மருத்துவமும் இன்னும் வரவில்லை என்பன பெறப்படுகின்றன.

மருந்து வருமுன்னரே இவ்வறிவு நமக்கு ஒரு பயனைத் தந்துவிட்டது. குரல் கேட்கிறது என்று நடுங்கும் பிள்ளை பொய் சொல்லவில்லை, சோம்பவில்லை, எவருடைய பாவத்தையும் சுமக்கவில்லை. உடலின் நுண்ணிய காவலும் கட்டுமானமும் எங்கோ அளவு பிசகியதன் துன்பத்தை அது சுமக்கிறது. பித்தம் என்று உடலைச் சுட்டிய நம் முன்னோர் சொல்லை, நுண்ணோக்காடி வேறொரு வழியில் நம்மிடம் மீண்டும் கொண்டுவந்து சேர்த்துள்ளது.

முன்னுரையில் குறித்த மாணவர் சென்ற ஆண்டு துறைக்கு வந்திருந்தார். கரும்பலகையில் எழுதியிருந்த வெண்பாவின் மூன்றாம் அடியில் தளை தட்டுவதைச் சுட்டிக்காட்டினார். அவர் கூறியது சரியாகவே இருந்தது. இனி ஒரு மாணவர் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குச் செல்லும்போது, அவர் பின்னே நாமும் சென்று அமர்ந்து, ‘என்னப்பா, நலந்தானா?’ என்று கேட்போமாக.